அழைத்தால் வரும் சிப்பாய்

1949-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி, அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, டெரிட்டோரியல் ஆர்மி என்னும் பிரதேச சேனையைச் சம்பிரதாயபூர்வமாகத் தொடங்கி வைத்தார். காந்தியடிகளின் சம்பந்தியும் அஹிம்சா தர்மத்தில் தோய்ந்தவருமான ஒருவர் ஒரு சேனையைத் தொடங்கி வைத்தது சரித்திரத்தின் குறும்புகளுள் ஒன்று என்று சொல்லத் தோன்றினாலும், அந்தச் சேனையின் லட்சணத்தை அறிந்தவர்களுக்கு அது அவ்வளவு பொருத்தமற்றதாகப் படாது. ஏனெனில் யுத்தத்தையே ஜீவனோபாயமாகக் கொண்ட மனிதர்களால் ஆனதன்று அது. கணக்கெழுதுகிறவரும், கழனி உழுகிறவரும், ரயில்வே பணிமனையில் சம்மட்டி பிடிக்கிறவரும், தத்தம் தொழிலை விடாமலே ஆண்டில் சில வாரங்கள் ராணுவ உடுப்பு அணிந்து பயிற்சி பெற்று, தேசத்துக்கு ஆபத்து நேரும்போது அழைப்பை ஏற்று வந்து நிற்பது என்பதே அதன் ஏற்பாடு.

வெள்ளையர் ஆட்சியிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1920-இல் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒரு துணைப்படை, இந்தியருக்கு வேறொரு படை என்று இரண்டு சட்டங்களால் இரண்டு பந்திகள் விரித்திருந்தார்கள். சுதந்திரம் வந்தபின் 1948-இல் இயற்றப்பட்ட பிரதேச சேனைச் சட்டம் அந்தப் பந்தி வேற்றுமையை ஒழித்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் மதராஸ் ரெஜிமென்டைச் சார்ந்த 110-ஆவது பட்டாலியனும், திருச்சியில் கார்ட்ஸ் படையைச் சார்ந்த 117-ஆவது பட்டாலியனும் இந்தச் சேனையின் அங்கங்கள். 1962, 1965, 1971 ஆகிய மூன்று யுத்தங்களிலும், பின்னர் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதிப் படையிலும் பிரதேச சேனையினர் பணிபுரிந்திருக்கிறார்கள். 2025 மே மாதம் எல்லையில் நெருக்கடி முற்றியபோது, தேவைப்பட்டால் இந்தச் சேனையின் ஒவ்வொரு அதிகாரியையும் சிப்பாயையும் அழைத்துக்கொள்ள ராணுவத் தலைமைத் தளபதிக்கு அதிகாரம் அளித்து மத்திய அரசு உத்தரவு போட்டதைப் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் ஏற்றிக்கொள்ளவும் அந்த உத்தரவு இடம் தந்தது.

அழைக்கிற விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறது. அழைப்பை ஏற்று வந்தவன் ஊனமுற்றாலோ, மாண்டுபோனாலோ, அல்லது ஆயுள் முழுவதும் அழைப்புக்குக் காத்திருந்து வயோதிகம் எய்தினாலோ, அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் சர்க்கார் என்ன செய்கிறது என்று விசாரிக்கப் புகுந்தால் அந்தத் தெளிவு அங்கே கிடைப்பதில்லை. போரில் வீழ்ந்தவனின் சந்ததிக்கு நிலம் விடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் பழைய நடுகற்களிலும் சாசனங்களிலும் காணப்படும் தானங்கள் அவையே. ஆநிரை மீட்கப் போனவன் நிரந்தரப் படைவீரனா, அன்று ஒருநாள் மட்டும் வேலெடுத்த குடியானவனா என்ற கேள்வியை அந்தக் கற்கள் எழுப்பியதாக எனக்குத் தெரியவில்லை. இன்றைய சட்டமோ அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

காத்திருப்புச் சிப்பாய்களில் இருவகையினர் உண்டு. ரிசர்விஸ்ட் என்று நம் ஊர்களில் வழங்கும் பழைய வகை ஒன்று. இவர்கள் நிரந்தர ராணுவத்திலேயே சேர்ந்து, சில ஆண்டுகள் முழுநேரப் பணி செய்து, பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அதன்பின் மேலும் சில ஆண்டுகள் ‘கூப்பிட்டால் வரவேண்டியவர்’ என்று பட்டியலில் வைக்கப்பட்டவர்கள். 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஏற்பாடு இது. படையில் கழித்த காலமும் பட்டியலில் கழித்த காலமும் சேர்ந்து பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால், அவருக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் என்ற பெயரில் ஓர் உபகாரச் சம்பளம் உண்டு என்று 1961-ஆம் ஆண்டின் ராணுவப் பென்ஷன் விதிகள் கூறின. அதன் அளவு, ஒரு சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கு. மாதாமாதம் வரும் இந்தச் சிறு தொகை வேண்டாம், மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்று பணிக்கொடை வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அன்றைக்கு ஒரு ஜோடி உழவுமாட்டுக்கோ, மகளின் கல்யாணச் செலவுக்கோ உதவிய அந்தத் தொகை, பிற்காலத்தில் அவர்களையும் அவர்களுடைய மனைவிமாரையும் மாதப் பென்ஷனுக்கு வெளியே நிறுத்திவிட்டது. பென்ஷனாகவே வைத்துக்கொண்டவர்களுக்கோ காலம் அனுகூலமாயிற்று. சம்பளக் கமிஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குறைந்தபட்சத்தை உயர்த்த, 2016 ஜனவரி முதல் எந்தப் பென்ஷனும், எந்தக் குடும்பப் பென்ஷனும் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்ற நிலை ஏற்பட்டது.

கடற்படையில் இந்த ஏற்பாடு பத்தும் பத்தும் என்று அமைந்திருந்தது: பத்து ஆண்டு கப்பலில், பத்து ஆண்டு காத்திருப்புப் பட்டியலில். இரண்டும் முடிந்தால் பென்ஷன். இந்த நம்பிக்கையில் இளம் வயதில் கடலேறியவர்கள் பலர். 1976 ஜூலை 3-ஆம் தேதி அரசு ஒரு கடிதத்தால் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டது. பத்து ஆண்டு முடித்து இறங்கியவர்கள், பட்டியலும் இல்லாமல் பென்ஷனும் இல்லாமல் நின்றார்கள். நாங்கள் காத்திருக்க மறுக்கவில்லையே, நீங்கள்தானே காத்திருக்க வைக்க மறுத்தீர்கள் என்பது அவர்கள் வாதம். நாற்பது ஆண்டுக்குப் பிறகு, 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு அந்த வாதத்தை முழுமையாக ஏற்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில் சேர்க்கப்படுவது ஒருவருடைய உரிமையன்று, ஆகையால் அதன் பயனான பென்ஷனும் உரிமையன்று என்றது. ஆனால் வெறுங்கையோடும் அனுப்பவில்லை. முழுநேரப் பணிக்காலம் 1976 ஜூலை 3 அன்றோ அதன் பின்போ முடிந்தவர்கள், மற்ற நிபந்தனைகள் பொருந்துமானால், படைக் குறைப்பால் விலக்கப்பட்டோருக்கென விதிகளில் ஏற்கெனவே இருந்த விசேஷப் பென்ஷனைக் கோரலாம் என்று ஒரு பக்கவாசலைத் திறந்துவிட்டது. தீர்ப்பு வந்தபோது மனுதாரர்களில் பலர் தாத்தாக்களாகியிருப்பார்கள் என்பதை நாள்களைக் கூட்டிப் பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது வகையினரே பிரதேச சேனையினர். இவர்களுடைய விஷயத்தில் அனைத்தும் ஒரு சொல்லைச் சுற்றியே சுழல்கின்றன. படைக்காரர்கள் அதை ‘எம்பாடிடு சர்வீஸ்’ என்கிறார்கள். ஆண்டுப் பயிற்சிக்கு வந்துபோவது ஒன்று. உத்தரவின்பேரில் முழுநேரப் படையாக அணிதிரட்டப்பட்டுப் பணியில் நிறுத்தப்படுவது வேறொன்று. இந்த இரண்டாவது காலம் மட்டுமே பென்ஷனுக்குக் கணக்காகும். அப்படிப்பட்ட பணிக்காலம் சிப்பாய்களுக்கும் ஹவில்தார், சுபேதார் முதலானோருக்கும் பதினைந்து ஆண்டு, அதிகாரிகளுக்கு இருபது ஆண்டு நிரம்பினால்தான் பென்ஷன். கிராமப்புறப் பட்டாலியன் ஒன்றில் ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சிக்குத் தவறாமல் போய் வந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபது ஆண்டு அவர் இவ்வாறு போய் வந்திருந்தால் மொத்தம் நாற்பது மாதம் உடுப்பணிந்திருப்பார். இடையில் இரண்டு முறை அழைப்பு வந்து, காஷ்மீரத்திலோ வடகிழக்கிலோ ஆறு ஆண்டு காவல் நின்றிருந்தால், அந்த ஆறு ஆண்டே ஏட்டில் ஏறும். பயிற்சி நாள்கள் ஏறா. ஊரார் கண்ணுக்கு இருபது ஆண்டு பட்டாளத்துக்காரர். படையினரின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸின் கண்ணுக்கு ஆறு ஆண்டுக்காரர். பணி துண்டு துண்டாக இருப்பது தடையில்லை, துண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்றே ஆறுதல். நடுவே வீட்டில் இருந்த காலம் கூட்டலில் சேராது.

மரணம் நேருமானால் கணக்கு வேறு விதமாகப் போகிறது. அழைப்பில் இருக்கும் பிரதேச சேனைச் சிப்பாய் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவனாதலால், நிரந்தர ராணுவத்தினருக்குரிய பென்ஷன் விதிகளே பொதுவாக அவனுக்கும் பொருந்தும். நாள்களைக் கேட்காமல், சட்டம் இங்கே மரணத்தின் காரணத்தைக் கேட்கிறது. பணிக்குச் சம்பந்தமில்லாத இயற்கை மரணமானால் சாதாரணக் குடும்பப் பென்ஷன்: முதல் பத்து ஆண்டு கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்பின் நூற்றுக்கு முப்பது. பணியினால் விளைந்த நோயோ, கடமையின்போது நேர்ந்த விபத்தோ காரணமானால் விசேஷக் குடும்பப் பென்ஷன், நூற்றுக்கு அறுபது. தீவிரவாதிகளின் தாக்குதலிலோ எதிரியின் நடவடிக்கையிலோ மாண்டால், தாராளமாக்கப்பட்ட குடும்பப் பென்ஷன் என்ற பெயரில் கடைசிச் சம்பளம் முழுவதுமே. இவற்றோடு, பணியின் காரணமாக நேர்ந்த மரணங்களுக்கு மத்திய அரசு ஒருமுறை வழங்கும் கருணைத்தொகையும் உண்டு. கடமையின்போது விபத்தானால் 25 லட்சம் ரூபாய், எல்லை மோதலில் 35 லட்சம், யுத்தத்தில் எதிரியால் எனில் 45 லட்சம் என்று 2016-க்குப் பின் வகுத்திருக்கிறார்கள். ஒரே பனிமலையில், ஒரே காவல்சாவடியில், ஒருவன் மாரடைப்பால் இறக்கிறான், மற்றொருவன் குண்டடிபட்டு இறக்கிறான். இரண்டு வீட்டிலும் அடுப்பெரிய வேண்டிய நெருப்பு ஒன்றே என்றாலும், விசாரணைக் குழுவின் காகிதத்தில் எழுதப்படும் காரணமே ஒரு விதவையின் மாத வருமானத்தை மற்றவளுடையதிலிருந்து பிரிக்கிறது. அந்தக் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று துக்க வீட்டில் யாரும் நினைப்பதில்லை. நினைத்தாக வேண்டும்.

ஊனமுற்றோர் விஷயத்தில் நடந்த ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்து மொட்டையாக்கப்பட்ட முசோரி மலைச்சரிவுகளில் மீண்டும் காடு வளர்ப்பதற்காக 1982-இல் பிரதேச சேனையில் ஒரு சுற்றுச்சூழல் பட்டாலியன் அமைத்தார்கள். அவ்வகைப் பட்டாலியன்கள் பின்னர் பலவாயின. நிரந்தர ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களையே பெரும்பாலும் இவற்றில் சேர்ப்பது வழக்கம். குமாவூன் பகுதியின் 130-ஆவது பட்டாலியனில் அவ்வாறு சேர்ந்த ஒரு சிப்பாய், ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு காலாட்படையில் பணிபுரிந்து வந்தவர், 2009-இல் விடுப்புக் காலத்தில் நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தார். விசாரித்த ராணுவக் குழு இது பணியோடு தொடர்புடைய ஊனம் என்றே கண்டது. ஆயினும் ஊன பென்ஷன் மறுக்கப்பட்டது. மரம் நடும் பட்டாலியன் ஒரு தனித்திட்டம், அதன் செலவை வேறு இலாகா ஏற்கிறது, சேரும்போதே கூடுதல் பென்ஷன் கோரமாட்டேன் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்பவை அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். ராணுவத் தீர்ப்பாயமும் இதை ஒப்பியது.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சுற்றுச்சூழல் பட்டாலியன் பிரதேச சேனையின் பகுதி. பிரதேச சேனைக்கோ, முரண்பாடு இல்லாதவரை, ராணுவத்தின் பென்ஷன் விதிகளே பொருந்தும் என்று விதிநூலிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே அந்தச் சிப்பாய்க்கு ஊன பென்ஷன் உண்டு என்பது தீர்ப்பு. எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றி நீதிபதிகள் கூறியதே எனக்கு மிகுந்த முக்கியத்துவம் உடையதாகத் தோன்றுகிறது: ஒரு பக்கம் மாபெரும் இந்திய அரசு, மறுபக்கம் வேலை வேண்டி நிற்கும் ஒரு சாதாரணச் சிப்பாய், இவ்விருவருக்கும் இடையே சமத்துவமான பேரம் என்று ஒன்று இருக்க முடியாது, எனவே அத்தகைய நிபந்தனையைக் காட்டி உரிமையை மறுக்கலாகாது என்பது அதன் சாரம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதே ராணுவத்தில் சேருகிறவனின் இயல்பு. அப்படிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். நீதிமன்றம் வரை போனவர் ஒருவர்.

வழக்கு மன்றம் வரை போகாமல், வீட்டுத் தகரப் பெட்டியிலேயே கெட்டுப்போகும் உரிமைகள் இதைவிட அதிகம். டிஸ்சார்ஜ் புக் என்ற சிறு புத்தகம் ஒன்று உண்டு. படை எண், உயரம், அங்க அடையாளம், சேர்ந்த நாள், விலகிய நாள், நடத்தை ‘எக்ஸம்ப்ளரி’யா ‘வெரி குட்’டா என்ற குறிப்பு, இவையெல்லாம் அதில் இருக்கும். ரிசர்விஸ்டின் விதவைக்கு அதுவே ஆதி ஆதாரம். கல்யாணப் பத்திரிகையும் நிலப் பத்திரமும் பத்திரமாக இருக்கும் பெட்டியில் அது மட்டும் கரையான் அரித்துக் கிடக்கும். அதில் பெயர் பிழையாயிருப்பது தமிழ்க் குடும்பங்களுக்கென்றே வாய்த்த தனித் தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. வடநாட்டு எழுத்தர் ஒருவர் அந்த எழுத்தை விரித்து எழுதி, சிப்பாயின் தகப்பனாரையே சிப்பாயாக்கிவிட்டிருப்பார். மனைவி பெயர் குடும்ப அட்டையில் முத்துலட்சுமி, ஆதாரில் முத்துலெட்சுமி, ரெக்கார்ட் ஆபீஸ் ஏட்டில் வெறும் லக்ஷ்மி என்று மூன்று பெண்களாகப் பிரிந்து நிற்கும். கணவர் உயிரோடிருந்தால் ஒரு விண்ணப்பத்தில் சரியாகக்கூடிய இது, அவர் மறைந்தபின் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி, தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ், பிரமாணப் பத்திரம், மதராஸ் ரெஜிமென்ட்காரரானால் வெலிங்டனுக்குக் கடிதம், மதராஸ் சாப்பர்காரரானால் பெங்களூருக்குக் கடிதம் என்று மாதக்கணக்கில் நீளும். கல்யாணமும் குழந்தை பிறப்பும் படையின் ‘பார்ட் டூ ஆர்ட’ரில் பதிவாகியிருக்கின்றனவா என்பதைப் பணியில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்; ஒரு சிப்பாய் தன் வீட்டாருக்குச் செய்யக்கூடிய உபகாரங்களில் இதற்கு நிகரானது வேறில்லை.

தொழிலை விட்டுவிட்டு அழைப்புக்கு வருகிறவனுக்குத் திரும்பிப் போக வேலை இருக்குமா என்ற கவலையையும் சட்டம் மறக்கவில்லை. பணி முடிந்து வருபவரை முதலாளி மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும், வருங்கால வைப்புநிதி முதலிய உரிமைகள் குன்றக்கூடாது என்று பிரதேச சேனைச் சட்டத்திலேயே பிரிவுகள் இருக்கின்றன. சர்க்கார் உத்தியோகத்திலும் ரயில்வேயிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் இருப்பவர்களுக்கு இது பயன்படும். சொந்தமாகச் சிறு கடை வைத்திருப்பவருக்கும் குத்தகை நிலம் உழுகிறவருக்கும் எந்த முதலாளியிடம் போய் எதைக் கேட்பது?

பென்ஷனுக்கு அப்பால் சேமநலத்துக்கென்று ஓர் அமைப்பு உண்டு. முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு 1919-இல் இந்தியச் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்ட வாரியம், இன்று கேந்திரிய சைனிக் போர்டு என்ற பெயரில் டெல்லியில் இருக்கிறது. அதன் கிளைகளாக மாநிலங்களிலும் மாவட்டங்கள் பலவற்றிலும் அலுவலகங்கள். நம் மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று மாவட்டங்களில் காணப்படுவது அது. மாவட்ட வாரியத்துக்குக் கலெக்டரே தலைவர். முன்னாள் படைவீரர்களுக்கென்று அவர் தனியாகக் குறைதீர்க்கும் கூட்டம் நடத்துவதும் உண்டு. ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் உண்டியல் குலுக்கிச் சட்டையில் குத்திவிடும் கொடிநாள் சின்னத்தின் காசு இந்த வழிகளுக்கே போகிறது. அதிலிருந்து மகளின் கல்யாணத்துக்கு, குழந்தைகளின் படிப்புக்கு என்று உதவிகள் கிடைக்கின்றன. தமிழ்நாட்டு அரசு தன் பங்குக்கு, முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் அதில் நூற்றுக்கு முப்பது மானியமும் அளிக்கும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ என்ற திட்டத்தை 2024-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தில் அறிவித்தது.

இந்த உதவிகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, வறுமை உதவித்தொகை என்னும் ஒன்று. பென்ஷன் எதுவும் இல்லாமல், அறுபத்தைந்து வயதைத் தாண்டி, கதியற்று நிற்கும் முன்னாள் படைவீரருக்கும் அத்தகையவரின் விதவைக்கும் மாதாமாதம் கொடுப்பது. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் முதல் 8,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்தால் போதும். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால், ஆறு ஆண்டு காவல் நின்று பென்ஷனில்லாமல் திரும்பிய நம் பிரதேச சேனைச் சிப்பாய்க்கென்றே வகுத்ததுபோல் தோன்றும்.

ஆனால் முன்னாள் படைவீரர் என்பவர் யார் என்பதை 1979-ஆம் ஆண்டு விதிகளும் அவற்றின் திருத்தங்களும் வரையறுத்திருக்கின்றன. நிரந்தர ராணுவத்தில் குறுகிய ஒப்பந்தக் காலத்தை முடித்துப் பணிக்கொடையோடு வந்தவரும் அந்த வரையறைக்குள் வருகிறார். பிரதேச சேனையினரில் உள்ளே வருகிறவர்கள் மூவகையினர்: பணியால் ஊனமுற்றவர், வீரப் பதக்கம் பெற்றவர், எம்பாடிடு சர்வீஸுக்காகப் பென்ஷன் வாங்குகிறவர். உடல் ஊனப்படாமலும் பதக்கம் பெறாமலும் திரும்பி வந்த சிப்பாய், பென்ஷன் இருந்தால்தான் முன்னாள் படைவீரர் ஆகிறார். பென்ஷன் இல்லாதவர்களுக்கான உதவியையோ முன்னாள் படைவீரராக இருந்தால்தான் கேட்கலாம். காவல் நின்ற அந்த ஆறு ஆண்டுக்கு அவருடைய விதவை விண்ணப்பத்தோடு மாவட்ட அலுவலகத்தின் படியேறினால், உதவி இயக்குநர் எவ்வளவு இரக்கமுள்ளவராயிருந்தாலும், அந்த விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள அவருக்கு விதியில் இடமில்லை.